மாடனுக்கு டிம் அடிக்கும் வளைவு

6

மார்கரெட் மேடம் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருகிறவனுக்கு ஒரே வேலைதான். வாயை மூடிக்கொண்டு வரவேண்டும். நான் பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எனக்கு அந்த வேலை மட்டும் வராது.

"மேடம், ஒரு சைக்கிள்காரரு நம்மளைத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்துச் சிரிக்காரு."

"சிரிக்கட்டும், அண்ணாச்சி."

"தெரிஞ்சவரா இருக்குமோன்னு கேட்டேன்."

மேடத்துக்கு நாற்பத்தாறு வயது. உவரிக்காரர். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். வருகிற வழக்கில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. அதற்கு சாயங்காலம் கடைவாசலில் போய் நின்றால் போதும். மீதிக் கால்வாசிக்குத்தான் குற்றாலலிங்கம் என்கிற இந்த மூளைக்காரன் தேவைப்படுகிறான்.

கிளம்புவதற்கு முன்னால் மேடம் ஈரமான செய்தித்தாளால் கார் முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். திரும்பி வரும்போது இருட்டிவிடும், எதிரே வருகிற லைட் கண்ணாடியிலுள்ள அழுக்கில் பட்டுத்தான் கண்ணைக் குத்தும் என்றார். மேடம் ராத்திரி கார் ஓட்டுவதைப் பற்றி மத்தியானமே கவலைப்படுகிற ஜாதி.

அன்றைய வழக்கு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. பெயர் மாரித்தாய், ஊர் விக்கிரமசிங்கபுரம். அவள் கணவன் இசக்கிராஜா வாடகைக் கார் டிரைவர். பாளையங்கோட்டையில் ஏறியதிலிருந்து அவள் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னொரு தடவை சொல்லு, மாரித்தாயி. பைய சொல்லு," என்றார் மேடம்.

"போன செவ்வாக்கிழமைக்கா. அவிய அம்பையில சவாரிய இறக்கிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாவ. நல்லா இருட்டிட்டு. மாடன் வளைவைத் தாண்டுனதும், எதிர்ல மொபெட்டுல வந்த ஆளு அப்பிடியே சரிஞ்சு விழுதாரு. இவிய காரை நிப்பாட்டி, ஓடிப்போயித் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாவ. மறுநா விடியவும் போலீசு வந்து, நீதாம்லே இடிச்சதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாவ."

"எதை வச்சு அப்பிடிச் சொல்லுதாவ?"

"செல்வமணின்னு ஒருத்தரு கண்ணால பாத்தேங்காரு. காரு கண்ணாடி தட்டித்தான் விழுந்தாராம். எங்க காருல வலது பக்கக் கண்ணாடி உடைஞ்சிருக்குக்கா. அது போன ஆடியிலயே உடைஞ்சது. சொன்னா யாரு நம்புதா?"

விழுந்தவர் பெயர் பெருமாள்ராஜ். நூல் மில் தொழிலாளி. வேலை முடிந்து அம்பையிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். தலையில் பலத்த அடி. ஒரு வாரமாகப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் கண் திறக்காமல் கிடக்கிறார். இசக்கிராஜா ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். அவன் கார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் மேஜையில். பெருமாள்ராஜ் கண் திறக்காமலே போய்விட்டால் இசக்கிராஜா உள்ளே போகவேண்டியதுதான். அடிபட்டவனை ரோட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் இந்நேரம் அவன் அடுத்த சவாரிக்குப் போயிருப்பான்.

"உன் வீட்டுக்காரரு அங்கன வேற எதையும் பாத்தாராமா?"

"தார்ப்பாய்க்கா. விழுந்த ஆளு பக்கத்துல கறுப்பா ஒரு தார்ப்பாய் கிடந்துச்சாம். போலீசு போயிப் பாத்தா ரோடு கூட்டித் தூத்து வச்ச மாதிரி இருக்கு. பொய் சொல்லுதியான்னு அதுக்கு வேற ஏச்சு."

"தார்ப்பாய்," என்றார் மேடம்.

மேடம் ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னால் அன்றைக்கு வேலை அதுதான்.

"காணாமப் போன தார்ப்பாயைத் தேட ஒரு துப்பறியும் நிலையமா? சந்தையில புதுசே கிடைக்கும் மேடம்."

"வாயை மூடிக்கிட்டு வாங்க, அண்ணாச்சி."

செல்வமணியின் வீட்டு முற்றத்தில் நெல் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பிசானப் பருவ அறுவடை முடிந்த வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கழுத்தில் தங்கச் சங்கிலி, முகத்தில் சாட்சிக்காரக் களை. மாரித்தாயைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் போனோம். இன்சூரன்ஸ் விஷயமாக வந்திருக்கிறோம் என்றார் மேடம். செல்வமணி உபசாரத்தில் குறை வைக்கவில்லை. ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"நம்ம தென்னந்தோப்பு வாசல்ல நிக்கேன் தாயி. மேக்க இருந்து மொபெட்டு வருது. கிழக்க இருந்து, அதான் மாடன் கோயில் பக்கத்துல இருந்து, காரு வருது. லைட்டை முழுசாப் போட்டு வாறான். கண்ணைக் குத்துது. கையை வச்சு மறைச்சுக்கிட்டேன்."

"கார் நம்பரைப் பாத்தியளா?"

"எங்கன பாக்க? அந்த வெளிச்சத்துல காரு என்ன கலருன்னே தெரியல. நம்பரெல்லாம் போலீசு சொல்லித்தான் தெரியும்."

"ஆனா கண்ணாடி இடிச்சதைப் பாத்திய."

"தெளிவாப் பாத்தேன். காரோட வலது கண்ணாடி, மொபெட்டு ஹேண்டில்பார்ல டக்குன்னு தட்டுச்சு. அந்த ஆளு தோள்ல பச்சைத் துண்டு போட்டிருந்தாரு. அது உட்படப் பாத்தேன்."

மேடம் கலரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்திருக்கும்போது சும்மா கேட்பது போல் கேட்டார்.

"நல்ல விளைச்சல் போல இருக்கே. எங்கன காயப்போட்டிய?"

செல்வமணி காலிப் பாட்டில்களை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"களத்துலதான். வேற எங்கன காயப்போட?"

"களம் எங்க இருக்கு?"

"அது... அந்தால இருக்கு."

அவர் கை காட்டிய திசையில் ஒரு மாட்டுத் தொழுவம் இருந்தது. அதற்குப் பின்னால் ஆறு இருந்தது.

மாடன் வளைவுக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அம்பையிலிருந்து வரும் ரோடு அந்த இடத்தில் சட்டென்று வளைகிறது. வளைவின் மூக்கில் ஓர் ஆலமரம். அதன் அடியில் சுடலைமாடன், கையில் அரிவாளோடு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நிற்கிறார். வளைவைத் தாண்டினால் ரோடு நேராக மேற்கே போகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் செல்வமணியின் தென்னந்தோப்பு.

மேடம் காரை ரோட்டைவிட்டு இறக்கி நிறுத்தினார். பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைத்தார். எனக்கு ஒளிரும் பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அது போன வருஷம் என் பிறந்தநாளுக்கு அவர் வாங்கியது. என்னுடைய பிறந்தநாள் ஞாபகம் இருந்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிரித்த பிறகு சந்தோஷம் குறைந்தது.

"அங்கன பாருங்க, அண்ணாச்சி," என்றார் மேடம்.

நேர் ரோட்டில் மைனாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வண்டி வந்தால் ஓரமாகத் தத்திப் போகும், போனதும் திரும்பி வரும். அம்பைக்குப் போகிற பாதி ரோட்டில்தான் அத்தனையும். அடுத்த பாதியில் ஒன்றுகூட இல்லை.

"ரேஷன் போடுதாவ போல. கோட்டைத் தாண்டாம வரிசையில நிக்கு."

"என்ன ரேஷன்னு போயிப் பாருங்க."

போய்க் குனிந்து பார்த்தேன். தார் ரோட்டின் வெடிப்புகளில் நெல் பதிந்திருந்தது. மேலே கிடந்ததைக் கூட்டி அள்ளியிருந்தார்கள். இடுக்கில் மாட்டியதை அள்ள மைனாவின் மூக்கு இருந்தால்தான் முடியும்.

"செல்வமணியோட களத்தைக் கண்டுபிடிச்சாச்சு," என்றார் மேடம்.

மாரித்தாய் பெருமூச்சு விட்டாள். "அறுப்பு முடிஞ்சா எல்லாருந்தான்க்கா ரோட்டுல காயப்போடுவாவ. எங்க மாமாகூடப் போடுவாரு. அதான் ஊருல ஒருத்தரும் வாயத் தொறக்கல. யாரு யாரைக் காட்டிக்குடுப்பா?"

"பொழுது சாஞ்சா என்ன செய்வாவ?"

"குவிச்சு, தார்ப்பாயைப் போட்டு மூடுவாவ. காத்துக்குப் பறக்காம, வண்டி மேல ஏறாம..."

"சுத்திக் கல்லு வைப்பாவ," என்று நான் முடித்தேன். அந்தக் கற்களுக்காகப் பதினெட்டு வருஷம் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி ஏசியவன் நான். கறுப்பு ரோடு, கறுப்புத் தார்ப்பாய், அதைச் சுற்றிக் கருங்கல். பகலில் பார்த்தாலே பயமாக இருக்கும்.

"அப்ப மொபெட்டு காருல மோதல," என்றாள் மாரித்தாய். "கல்லுல மோதியிருக்கு!"

"கல்லைக் காட்டுனாத்தான் போலீசு நம்பும்," என்றார் மேடம். "அவசரத்துல அள்ளுன மனுஷன் அந்தப் பாரத்தை ரொம்பத் தூரம் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாரு. தேடுங்க."

வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவுதான், அடிமணல் தெரிந்தது. கல் இல்லை. தோப்பு வேலி ஓரம் பார்த்தோம். அங்கேயும் இல்லை. கால் கடுத்தது. ஆலமரத்தடிக்குப் போய், மாடன் காலடியில் வரிசையாக இருந்தவற்றில் வசதியான ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அட பாவி! கன்னிமாரு மேல உக்காருதான்!"

துள்ளி எழுந்தேன். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தது மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிய கல். அதைப் போல ஏழு. ஒவ்வொன்றின் தலையிலும் பிச்சிப்பூ.

கையில் அகப்பையோடு முன்னால் நின்ற அம்மாள் என் பச்சைச் சட்டையைப் பார்த்ததும் கொஞ்சம் தணிந்தாள். "லைட்டு போட வந்தியளா? எத்தனை மனு குடுத்தாச்சு. இருட்டுல இங்கன ஒரு இழவும் தெரியல."

"போட்டுருவோம்," என்றேன். மறுத்தால் அகப்பை இறங்கும் போலிருந்தது. "இந்த அம்மாக்கள் எப்ப வந்தாவ? நான் பஸ்ஸுல போன காலத்துல இங்கன மாடன் மட்டுந்தான இருந்தாரு?"

"போன வெள்ளிக்கிழமை விளக்குப் போட வாறோம், ஏழு பேரும் வரிசையா மாடன் காலடியில நிக்காவ. ராவோட ராவா வந்திருக்காவ! மாடன் ஒத்தையில இருக்காரேன்னு எங்களுக்கு ரொம்ப நாளாக் குறை."

எனக்குப் புரிந்துவிட்டது. செல்வமணி ஆறு கல் வைத்திருந்தாலும், எட்டு வைத்திருந்தாலும் அவை கல்லாகவே கிடந்திருக்கும். கோயில் காலடியில் ஏழு வைத்தால் நம் ஊரில் அது ஏழு கன்னிமார். அந்த மனுஷன் சாட்சியத்தை ஒளித்து வைத்தார், ஊர் அதற்குப் பொங்கல் வைத்துவிட்டது.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கடைசிக் கல்லுக்கு முன்னால் குனிந்தார்.

"இந்த அம்மா மட்டும் நீலமா இருக்காவளே?"

மஞ்சளுக்கு அடியில், கல்லின் தோளில், நீளமாக ஒரு நீலக் கீறல்.

"அவதான் மூத்தவ. நீலம் பூசிக்கிட்டே வந்தா. நீலின்னு பேரு வச்சிருக்கோம்."

மேடம் நிமிர்ந்து மாரித்தாயைப் பார்த்தார். "அந்த மொபெட்டு என்ன கலரு?"

"நீலம்," என்றாள் மாரித்தாய்.

நான் மேடத்தை ஓரமாகக் கூட்டிப் போனேன். "தூக்கி டிக்கியில போட்டு நேரா ஸ்டேஷனுக்கு விடுங்க மேடம்."

"தூக்குங்க."

அகப்பையைப் பார்த்தேன். தூக்கவில்லை.

"போலீசும் தொட முடியாது," என்றார் மேடம். "இது கல்லுதான்னு கல்லுக்குச் சொந்தக்காரரே வந்து சொல்லணும். உங்க கண்டக்டர் தொண்டை இன்னும் இருக்குல்ல?"

இருந்தது. மேடம் சொல்லிக்கொடுத்ததை ஆலமரத்தில் காக்கா பறக்கிற அளவுக்குச் சொன்னேன். "நாளைக்குக் காலையில லாரி வருது மேடம்! இந்தக் கல்லு ஏழையும் சோதனைக்கு ஏத்திட்டுப் போறாவ!"

அடுத்த கால்மணி நேரம் அந்தப் பெண்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. ராத்திரி முழுக்க இங்கேயே காவலிருப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டு பேர் ஊருக்குள் சொல்ல ஓடினார்கள். மேடம் சப்-இன்ஸ்பெக்டர் பூதத்தானுக்குப் போன் போட்டு, மாடன் கோயிலில் பொங்கல், குடும்பம் இல்லாமல் தனியாக வரவும் என்றார்.

இருட்டியது. காத்திருக்கும் நேரத்தை மேடம் வீணாக்குவதில்லை. செல்வமணி நின்றதாகச் சொன்ன தோப்பு வாசலில் என்னை நிற்கவைத்தார். காரை எதிரே ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, முகப்பு விளக்கை முழுவதுமாகப் போட்டார்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"ரெண்டு சூரியன்."

"காருக்கு வலது பக்கம்?"

"ஒண்ணும் தெரியல. மாரித்தாயி எங்க? வீட்டுக்குப் போயிட்டாளா?"

மேடம் விளக்கைத் தணித்தார். கார்க் கதவை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில் மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். தலையில், கோயிலில் இரவல் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் குடம்.

"இவ்வளவு நேரமும் இங்கனதான் நிக்கேன் அண்ணாச்சி," என்றாள். ஒரு வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்திருப்பாள்.

"எதிர்ல லைட்டு முழுசா எரிஞ்சா, அதுக்குப் பக்கத்துல யானை நின்னாலும் தெரியாது," என்றார் மேடம். "கார் கலரே தெரியாதவருக்குக் கண்ணாடி தட்டுனது தெரிஞ்சுதாம். பச்சைத் துண்டு தெரிஞ்சுதாம். அந்தத் துண்டை அவரு வேற நேரத்துல பாத்திருக்காரு. ஆளு கீழே கிடக்கும்போது."

நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தோம். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அம்பைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொன்றும் வளைவுக்கு வரும்போது ஒரே மாதிரி செய்வதை மேடம் கவனித்தார். விளக்கு தணியும், சின்னதாக ஒரு ஹாரன் கேட்கும்.

"எதுக்கு எல்லாரும் டிம் அடிக்காவ?"

"வளைவுல திரும்பும்போது லைட்டு நேரா மாடன் மூஞ்சியில அடிக்கும்லாக்கா," என்றாள் மாரித்தாய். "சாமி கண்ணுல வெளிச்சம் பாய்ச்சலாமா? அதான் தணிச்சுக்கிட்டு, ஒரு ஹாரன் குடுத்துட்டுப் போவாவ. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் தப்ப மாட்டாவ." சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"தாண்டுனதும்?"

"தாண்டுனதும் லைட்டைக் கூட்டிருவாவ. அதான் மாடனைத் தாண்டியாச்சே."

மேடம் இன்னும் சில வண்டிகளைப் பார்த்தார். பிறகு நெல் காய்ந்த இடத்தைப் பார்த்தார். வழக்கு முடியப் போகிற சமயத்தில் அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் குடித்த கலர் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தோப்புப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்தது. விளக்கே போடவில்லை.

"லைட்டு இல்லாம ராத்திரியில ரோட்டுக்கு வாறாரு," என்றார் மேடம். "இதுக்கே தனியா ஒரு கேஸ் போடலாம்."

செல்வமணி இறங்கினார். நாலா பக்கமும் பார்த்தார். மாடனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நீலியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"எவம்லே அது கன்னிமாரைத் தூக்குதது!"

ஆலமரத்துக்குப் பின்னாலிருந்து அத்தனை பெண்களும் எழுந்து வந்தார்கள். கையில் அகப்பை, விறகு, ஒருத்தி கையில் பொங்கல் காய்ந்து ஒட்டிய கரண்டி.

"யம்மா, நான்தான், செல்வமணி! நாளைக்கு லாரி வருதுன்னாவ. பத்திரமா வீட்டுல கொண்டு போயி வைக்கலாம்னு..."

"எங்க கன்னிய உன் வீட்டுல வைக்கவா? கீழ எறக்குலே!"

முதல் அகப்பை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. நீலியை மார்போடு அணைத்தபடி செல்வமணி குதித்தார்.

"அடிக்காதிய! இது கன்னிமாரு இல்ல, கல்லு! என் கல்லு! நெல்லுத் தார்ப்பாயைச் சுத்தி வைக்கிற கல்லு! செவ்வாக்கிழமை ராத்திரி நான்தான் ரோட்டுல இருந்து பொறுக்கி இங்கன கொண்டாந்து போட்டேன்!"

"எந்தச் செவ்வாக்கிழமை வே?"

மாடனுக்குப் பின்னாலிருந்து பூதத்தான் வந்தார். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் வாழையிலையில் பொங்கல். செல்வமணி கல்லைக் கீழே வைத்தார். பக்குவமாகத்தான் வைத்தார்.

"சார், இவன் பொய் சொல்லுதான்," என்றாள் அகப்பை அம்மாள். "கன்னிமாரு தானாத்தான் வந்தாவ."

செல்வமணி ஒரு வாரமாகப் பொய் சொன்னபோது போலீசே நம்பியது. முதல்முறை உண்மை சொன்ன அன்றைக்கு ஒருத்தியும் நம்பவில்லை. எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது, உடனே போய்விட்டது.

அப்புறம் எல்லாம் தானாக வந்தது. சத்தம் கேட்டு அவர் தோப்பிலிருந்து ஓடிவந்திருக்கிறார். தன்னுடைய கல்லுக்குப் பக்கத்தில் மொபெட், அதற்குப் பக்கத்தில் ஆள், பச்சைத் துண்டு. இசக்கிராஜா தூக்கிக்கொண்டிருக்கிறான். தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கார் போனதும் நெல்லை அள்ளிவிட்டார். ஆள் செத்துப்போனால் கல் வைத்தவன் தலையில் விடியுமே என்று, கார்க்காரன் தலையில் வைத்துவிட்டார்.

"எல்லாருந்தான் ரோட்டுல காயப்போடுதாவ தாயி," என்று மேடத்திடம் முறையிட்டார்.

"ஆமா. எல்லாரும் பொய்ச்சாட்சி சொல்லல," என்றார் மேடம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் இசக்கிராஜா மேடத்தின் காலில் விழ வந்தான். மெலிந்த, முழுக்கைச் சட்டை போட்ட மனிதன். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. மாரித்தாய் பக்கத்தில் நின்றாள். வார்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில், தலை முழுக்கக் கட்டோடு பெருமாள்ராஜ் படுத்திருந்தார். தலைமாட்டில் அவர் மனைவி சுகன்யா.

மேடம் இசக்கிராஜாவைத் தடுத்து நிமிர்த்தினார்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும். மாடன்கிட்ட டிம் அடிச்சீரா?"

"அடிச்சேன்க்கா. ஹாரனும் குடுத்தேன்."

"தாண்டுனதும்?"

அவன் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்தான், திரும்ப எடுத்தான்.

"கூட்டுனேன்."

"எதிர்ல அவரு வந்துக்கிட்டு இருந்தாரா?"

"வந்துக்கிட்டு இருந்தாரு. லைட்டு பட்டதும் கையைத் தூக்குனாரு." அவன் தன் இடது கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோனான். "கண்ணை மறைக்காருன்னு எனக்குத் தோணலக்கா. தெரிஞ்ச ஆளு, கும்பிடு போடுதாருன்னு நினைச்சேன். பதிலுக்கு நானும் ஒரு ஹாரன் அடிச்சேன். அப்புறந்தான் சரிஞ்சாரு."

மாரித்தாயின் விரலில் முந்தானை அப்படியே நின்றது. எனக்கு எப்போதும் வாயில் ஏதாவது ஒரு பேச்சு இருக்கும். அன்றைக்கு இல்லை.

"போலீசுல இதையும் சொல்லணுமாக்கா?" என்றான்.

"போய்ச் சொல்லும். அவிய எழுதுனா எழுதட்டும். ஆனா அதுக்கு முன்னால, உள்ள உக்காந்திருக்காளே அவகிட்டச் சொல்லணும். அவரு எப்பிடி விழுந்தாருன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீருதான்."

மாரித்தாய் அவன் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம். எல்லாம் முடிஞ்சிட்டுலா, வாங்க வீட்டுக்குப் போவோம்." அவன் அவளைப் பார்த்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவன் உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னான். ஒன்றையும் விடவில்லை, ஹாரன் அடித்ததையும் சொன்னான். சுகன்யா தலை குனிந்து கேட்டாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நான் கதவோரம் தயாராக நின்றேன்.

"கையைத் தூக்குனாராக்கும்," என்றாள்.

"ஆமாம்மா."

"அவருக்கு ஒத்தக் கையால ஓட்டத் தெரியாது." முகத்தைத் துடைத்தாள். "ஒரு வாரமா அவரு எப்பிடி விழுந்தாருன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நான் என்னத்த நம்ப?" எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். "இங்கன உக்காருங்க. ஈ வந்தா ஓட்டுங்க. வீட்டுல பிள்ளை கிடக்கு, போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாறேன்."

அவள் போய்விட்டாள். இசக்கிராஜா உட்கார்ந்தான். மன்னிப்பா தண்டனையா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியவில்லை.

நாங்கள் கிளம்பத் திரும்பும்போது வெயில் ஜன்னல் வழியாக ஏறி, பெருமாள்ராஜின் முகத்தில் விழுந்தது. ஒரு வாரமாக அசையாத இமைகள் இறுகிச் சுருங்கின. வலது கை படுக்கையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது.

இசக்கிராஜா துள்ளி எழுந்து, ஜன்னலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"விலகும் வே!" என்று மேடம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அவரு முழிக்காரு! வெளிச்சம் படட்டும், விலகும்!"

அவன் இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விலகவே மாட்டேன் என்று நின்றான். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.